காத்திருக்கும் கண்

கொக்கும் காத்திருக்கிறது, தாயும் காத்திருக்கிறாள். இரண்டையும் பொறுமை என்றே சொல்கிறோம். ஆயினும் கொக்கின் பொறுமையை அறம் என்று எவரும் கூறார். அவ்வாறாயின், நெடுநாள் காத்திருந்தமையால் மட்டுமே ஒரு செயல் நற்செயல் ஆகிவிடுமா? பிறர் துன்பத்தைப் படம் எடுக்கும் புகைப்படக் கலைஞரை முன்னிட்டு இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம்.

வடசென்னையின் எண்ணூர் முகத்துவாரத்தை நம்மில் பலர் செய்தித்தாளில் மட்டுமே கண்டிருப்போம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் கலந்தது. அந்நாட்களில் காமிராக்கள் திரண்டு வந்தன. கறுத்த படகுகளையும், வாளியால் எண்ணெயை அள்ளிய கைகளையும் படம் எடுத்துச் சென்றன. அப்படங்கள் பொய்யல்ல. ஆனால் பார்த்தவர் மனத்தில் அம்மக்கள் எண்ணெய் பூசிய உருவங்களாகவே நின்றுவிட்டனர். ஒரு பக்கத்தைக் கண்டு அதுவே முழுமை எனக் கொள்வது ஏகாந்தம் என்பதை நாம் அறிவோம்.

மற்றப் பக்கங்களைக் காண மீண்டும் மீண்டும் செல்பவர் வேண்டும். அத்தகையோருள் ஒருவர் எம். பழனி குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன்; 2017இல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். படம் முடிந்ததும் அவர் விலகிவிடவில்லை. கழிவுநீர்க் குழியில் இறந்தோரின் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுத்தார். ஓலைக் கூடையைப் பல்லால் கவ்வியபடி, நீருக்குள் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் எண்ணூர்ப் பகுதி இருளர் பெண்களையும் பதிவு செய்துள்ளார். அப்படங்களில் வறுமையும் உண்டு, கைத்திறனும் உண்டு.

காலம் பார்வையைத் திருத்தும் என்பதை ஆசிரியப் பயிற்சியில் நாம் கண்டதுண்டு. ஒரு மாணவனைப் பல மாதங்கள் கவனித்துத் தனியாள் ஆய்வு எழுதச் சொல்வோம். முதல் வாரத்தில் 'சோம்பேறி' என்று எழுதிய பயிற்சி மாணவியே, மூன்றாம் மாதத்தில் 'காலையில் உண்ணாமல் வருகிறான்' என்று எழுதுவாள். பிள்ளை மாறவில்லை, பார்வை மாறியது.

எனினும், உண்மையாகக் காண்பது வேறு. காணும் உரிமை பெறுவது வேறு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல்லாண்டுகள் காட்டில் காத்திருந்து யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். யானையிடம் இசைவு கேட்க இயலாது. அதைக் கலைக்காதிருத்தலே அங்குக் கடமை. மனிதனுக்கோ சொல் உண்டு. அச்சொல்லுக்கு இடம் தராமல் அவன் முகத்தை எடுத்துச் செல்வது, கொடாததைக் கொள்வதற்கு ஒப்பாகும்.

டெல்லியைச் சேர்ந்த தயாநிதா சிங், 1989 முதல் மோனா அகமது என்னும் திருநங்கையைப் படமெடுத்து, நெடுங்காலத் தோழியானார். 2001இல் வெளிவந்த அவரது நூலில் மோனாவின் சொற்களே பேசுகின்றன. 2022இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற தயாநிதா, 'பாரி' என்னும் மக்கள் ஆவணக் காப்பகத்துடன் இணைந்து ஒரு விருதை நிறுவினார். அதனை முதலில் பெற்றவர் பழனி குமாரே. அவரும் வடசென்னைப் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்து அக்கலையைக் கற்பித்து வருகிறார். பார்க்கப்பட்டவர்கள் இப்போது பார்ப்பவர்களாகின்றனர். கொக்கின் பொறுமை கொள்வதோடு முடிகிறது. இப்பொறுமை கொடுப்பதில் முடிகிறது. வேறுபாடு இதுவே.

'படத்தால் துன்பம் நீங்கிற்றா?' என்று சிலர் கேட்கலாம். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் பின்னும் குழிகளில் உயிர்கள் போயின. துன்பத்தை நீக்குவது படத்தின் தொழிலன்று, பார்த்தவரின் தொழில். படம் நம்மிடமிருந்து பறிப்பது ஒன்றே: 'எமக்குத் தெரியாது' என்னும் சாக்கு.

ஆதலின் பொறுமை கலைஞருக்கு மட்டும் உரியதன்று. அவர் பல ஆண்டுகள் நின்று பார்த்ததை நாம் ஒரு நொடியில் புரட்டிச் செல்லலாகாது. நம் தெருவைத் தூய்மை செய்பவரின் பெயரையேனும் கேட்டறிவோம். மறுநாளும் அப்பெயர் சொல்லி அழைப்போம். பார்வை அங்கிருந்து தொடங்கட்டும்.