சம்மதித்துத் தந்த பணம்

வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளி, அந்த வேலைக்காகத் தொழிலாளியிடமே பணம் வாங்குவது நியாயமா? "அவராகத்தானே சம்மதித்துத் தந்தார்" என்று சமாதானம் சொல்வோர் நம்மிடையே உண்டு. அச்சம்மதம் எத்தகையது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

நம் முன்னோர் நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள். அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார்கள். அந்தக் கடனே பலரைத் தோட்டத்தோடு பிணைத்துவிட்டது. 1938-ல் இந்திய அரசாங்கம் அவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறை ஒழிந்தது, கடன் ஒழிந்ததா? இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் இளைஞர்களில் பலர், ஊரில் நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள்தாம்.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. சிங்கப்பூர் ஏஜென்சி, தொழிலாளியிடம் ஒப்பந்த ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கலாகாது. முதலாளியோ, வேலை தருவதற்காக ஒரு காசும் வாங்கலாகாது. மீறினால் 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. லெவியையும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க இடமில்லை.

2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வேலை அனுமதியில் வரவழைக்க வழி திறந்தது. மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையலாகாது என்பது நிபந்தனை. ஏட்டில் இரண்டாயிரம் எழுதி, அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கினால், நேர்வழியில் வந்தவரும் கள்ளவழியில் வந்தவரைப் போலவே ஏமாறுகிறார்.

"கடை வாடகை ஏறிவிட்டதே, லெவி கட்ட வேண்டியிருக்கிறதே" எனலாம். மெய்தான். ஆயினும், அரிசி விலை ஏறினால் அரிசி வியாபாரிக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்கிறோமா? கேட்டாலும் அவர் தருவாரா? தொழிலாளி மட்டும் தருகிறார். ஏன்? மறுத்தால் அனுமதி ரத்தாகும். ஊர் திரும்பினால் வாசலில் கடன்காரர் நிற்பார். மறுக்க இயலாதவர் சொல்லும் "சரி" சம்மதமாகாது. இரு தரப்பும் மனம் பொருந்திச் செய்வதே ஹலாலான வியாபாரம் என்பதை அறிந்த சமூகம் நாம். வாடகையையும் லெவியையும் சரக்கின் விலையில் சேர்ப்பது வணிகம். சமையற்காரரின் சட்டைப் பையிலிருந்து எடுப்பது வணிகமன்று.

ஆகவே, வணிகப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறோம். ஆளை வரவழைக்குமுன், யாரிடம் எவ்வளவு கட்டினார் என்று அவரிடமே நேரில் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தில் உள்ள சம்பளத்தை அவர் படித்து அறிந்தாரா என்று பாருங்கள். அதிகம் பறிக்கும் ஏஜெண்டிடம் மீண்டும் ஆள் கேளாதீர்கள். வாங்குவோர் இல்லையெனில் அந்தக் கடையும் நாளடைவில் மூடப்படும்.