வெண்டைக்காய் விண்மீன்

தஞ்சை மராட்டியர் அரண்மனைக்காகக் கோடாலிக்கருப்பூரில் மர அச்சு ஒற்றிச் சேலை செய்த நாடு இது. ஒற்றுக்கலை நமக்குப் புதிதன்று. சம்பாக் கதிர் முற்றும் மார்கழியில், நம் பங்கின் மறைக்கல்விச் சிறார் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடல்களைத் தாமே செய்தனர். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து வண்ணம் தோய்த்து ஒற்றினால் ஐம்முனை விண்மீன் விழும். உருளைக்கிழங்கில் எழுத்தைச் செதுக்குவோர் ஈரத்தைத் துடைத்துவிட்டு, இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். அதை மறந்த சிறுவன் ஒருவனின் மடல்களில் ‘அன்பு’ கண்ணாடியில் தெரிவதுபோல் விழுந்திருந்தது.

நேர்த்தியானவற்றை நன்கொடையாளருக்கு ஒதுக்கினோம். பிழைபட்டவற்றை முதியோர் இல்லத்துக்கென வைத்தோம். “தாத்தா பாட்டிக்கெல்லாம் கண்ணு தெரியாதுன்னா சாமி?” என்றான் அவன். குற்றஞ்சாட்டவில்லை, அறியவே கேட்டான்.

1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பார், அனைவருக்கும் தனித்தனியே எழுத நேரமின்றி, ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்து ஓராயிரம் வாழ்த்து அட்டைகளை அச்சிட்டார். ஒரே அச்சில் பிறந்த அன்பு யாருக்கு உரியது? திருமுழுக்கின் அழியா முத்திரையும் எல்லோர்க்கும் ஒன்றே; எனினும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தே தரப்படுகிறது. ஆகவே, அச்சு பொதுவாயினும் பெயர் தனியாயின் போதும் என நாம் மனநிறைவு கொண்டிருந்தோம்.

ஆனால் அன்று நாம் பெயரைப் பார்க்கத்தான் செய்தோம், பார்த்தே பிரித்தோம். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை தருவதை யாக்கோபு கண்டித்ததைப் பலமுறை மறையுரையாற்றிய கைகளே அவை.

மறுநாள் மடல்களையெல்லாம் கலந்து அடுக்கினோம். புரண்ட ‘அன்பு’ ஒன்று பெரிய நன்கொடையாளர் ஒருவரின் உறைக்கு வந்தது. அதை ஒட்டுமுன் கை சற்றே தயங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.