அடிபட்ட வண்டி: ஒரு விசாரம்

பழைய கார் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்பது இலக்கியப் பத்திரிகை எடுத்துக்கொள்ள வேண்டிய பிரச்னைதானா என்று சிலர் கேட்கலாம். நான் கார் வாங்கப்போவதில்லை. வாங்கப்போகிறவன் பள்ளியில் என்னோடு படித்து, இப்போது அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கும் நண்பன். அவன் எனக்கு எழுதியதும் யோசனை கேட்டு என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் தீர்மானித்துவிட்ட ஒன்றுக்குச் சாட்சி தேடி எழுதியதுபோல்தான் இருந்தது. ஆனால் கடிதத்தின் கடைசி வரி என்னை விடவில்லை. அதற்கு வருவதற்குமுன் சில விவரங்கள் தேவைப்படுகின்றன.

கார், மாஸ்டா கம்பெனியின் மியாட்டா. 1989-ல் முதலில் வெளிவந்த, இருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். நண்பனுக்கு ஆபீஸ் போக ஏற்கனவே ஒரு வண்டி இருக்கிறது. ஆகவே இது தேவை சம்பந்தப்பட்டதல்ல, முழுக்க ஆசை சம்பந்தப்பட்டது. ஆசை சம்பந்தப்பட்ட விஷயங்களில்தான் மனிதன் தன்னோடு அதிகம் பேரம் பேசுகிறான். இந்தக் காரை, அதே வயதுள்ள மற்றக் கார்களின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தருகிறார்கள். காரணம், அதன் உரிமைப் பத்திரத்தில் 'ரீபில்ட்' என்ற சொல் இருக்கிறது.

அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் மாநில அரசு 'டைட்டில்' என்ற உரிமைப் பத்திரம் தருகிறது. விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்ட வண்டியைச் சரிசெய்யும் செலவு அதன் அப்போதைய மதிப்பில் ஒரு குறிப்பிட்ட வீதத்தைத் தாண்டினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை முழு நஷ்டம் என்று கணக்கெழுதிச் சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியை ஏலத்தில் தள்ளிவிடும். பத்திரத்தில் 'சால்வேஜ்' என்ற முத்திரை விழும். ஏலத்தில் எடுத்தவர் சரிசெய்து, அரசு கேட்கும் படிவங்களையும் சோதனைகளையும் முடித்தால், அது 'ரீபில்ட்' என்றாகும். மறுபடியும் தெருவில் ஓட்டலாம், விற்கலாம். ஆனால் அந்தச் சொல் வண்டியை விட்டுப் போகாது. கடன் கொடுப்பவர்கள் தயங்குவார்கள். சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முழுப் பாதுகாப்புத் தர மறுக்கும்.

இந்த முத்திரை வண்டியின் காயத்தை அளக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது ஒரு பின்னத்தை அளக்கிறது: மேலே காயம், கீழே விலை. நியூயார்க்கில் அந்த வீதம் 75 சதவீதம், ஃப்ளாரிடாவில் 80, டெக்ஸாஸில் 100. ஒரே அடி மூன்று ஊர்களில் மூன்று விதமாகத் தீர்ப்பாகலாம். விலை குறைந்துபோன பழைய காரில் காற்றுப்பைகள் விரிந்துவிட்டாலே அது முழு நஷ்டக் கணக்கில் போய்விடக்கூடும். அதே அடியை வாங்கிய விலையுயர்ந்த புதுக் கார் முத்திரை இல்லாமல் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வரும். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் சொந்தப் பணத்தில் சரிசெய்துகொண்டவனின் வண்டிக்கும் பத்திரம் சுத்தமாகவே இருக்கும். சுத்தமான பத்திரம் அடிபடவில்லை என்பதற்குச் சாட்சியமல்ல, பதிவாகவில்லை என்பதற்குத்தான். மனிதர்களின் ஒழுக்கத்தைப் பற்றி நாம் வழங்கிவரும் சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

'ரீபில்ட்' என்ற சொல் நல்ல வேலைக்கு உத்தரவாதமும் அல்ல. நியூயார்க்கில் இவ்வகை வண்டிகளுக்கு நடக்கும் அரசுப் பரிசோதனை, திருட்டு வண்டியின் பாகங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. வண்டி ஓட்டுவதற்குப் பத்திரமானதா என்று அது சொல்வதில்லை. முத்திரையையே கழுவிவிடுகிறவர்களும் உண்டு. விதிகள் வேறாக இருக்கும் இன்னொரு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் புதுப் பத்திரம் எடுப்பார்கள். 2005-ல் கத்ரீனா புயலின் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல இப்படி நாட்டின் வேறு மூலைகளில் முளைத்தன. இதைத் தடுக்க மாநிலங்களின் பதிவுகளை ஒன்றிணைக்க வேண்டும் என்று 1992-லேயே அங்கே ஒரு சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் தண்ணீர் வடிந்த வண்டிகள் விலைபோயின.

1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதாரவாதி பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. விற்பவனுக்கு வண்டியின் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சந்தேக விலையே கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க வரமாட்டான். கடைசியில் சந்தையில் மட்டமான வண்டிகளே மிஞ்சும். முத்திரை இந்த நோய்க்குச் செய்த வைத்தியங்களில் ஒன்று. ஆனால் சிரத்தையோடு சரிசெய்யப்பட்ட வண்டிக்கும் அரைகுறையாகப் பூசி மெழுகப்பட்ட வண்டிக்கும் ஒரே சொல்தான் விழுகிறது என்பதால், அந்தச் சொல்லுக்கு உள்ளேயே பழைய நோய் மறுபடி தொடங்கிவிடுகிறது.

இனி நண்பனின் வரி. காரை விற்பவர் அதைத் தன் ஷெட்டில் தானே சரிசெய்தவர். மறைக்காமல், அடிபட்டபோது எடுத்த படங்களைக் காட்டியிருக்கிறார். பின்பக்கம் இடதுபுறம் நொறுங்கி, அடிச்சட்டம் வளைந்திருந்தது. அதை மாற்றாமல் இழுத்து நிமிர்த்தியிருக்கிறார். ஓட்டிப் பார்த்ததில் குறை தெரியவில்லை என்கிறான் நண்பன். இரண்டு வருஷம் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றுவிடுவானாம். கடைசி வரி இது: "அப்ப வாங்கறவன்கிட்ட நான் எதையும் விளக்கிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை, டைட்டிலே சொல்லிடுது பாரு, அதுதான் இதில சௌகரியம்."

தத்துவப் பழக்கம் உள்ளவர்களுக்கு மறுகட்டுமானம் என்றவுடன் தீசியஸின் கப்பல் நினைவுக்கு வரும். ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலைக் காப்பாற்ற உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள், பிறகும் அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டார்கள் என்கிறார் ப்ளுடார்க். 1655-ல் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸுடையது? நானும் இங்கேதான் தொடங்கினேன், ஒரு மாலை முழுவதும் சுகமாகக் கழிந்தது. பிறகு அந்தச் சுகமே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. இந்தக் கேள்வியில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இதே கேள்வி ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி லண்டன் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர்பெற்ற பென்ட்லி, 1929-லும் 1930-லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. 1932-ல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி அதன் ஓட்டுநர் க்ளைவ் டன்ஃபீ இறந்தார். பிறகு அது மூடிய கூரையுள்ள தெருக்காராக மாற்றிக் கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டு, 1929-ன் பாகங்கள் அதில் அநேகமாக எதுவும் இல்லை, ஆகவே இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. 1990-ல் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பாகங்கள் படிப்படியாக மாறியிருக்கின்றன, வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு வண்டியும் இல்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு. அந்த பென்ட்லியின் சரித்திரத்தில் ஒரு சாவே இருக்கிறது. அது விலையைக் குறைக்கவில்லை. நண்பனின் மியாட்டாவில், நமக்குத் தெரிந்தவரை, நசுங்கியது இரும்பு மட்டும். ஆனாலும் விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பென்ட்லி புகழ்பெற்றது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதற்கு நேர்ந்தது எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. மியாட்டாவின் பத்திரம் ஏதோ நேர்ந்தது என்கிறது, என்ன நேர்ந்தது என்று சொல்வதில்லை. சந்தை தரும் தள்ளுபடியில் பெரும்பகுதி காயத்துக்கு உரியதல்ல, இந்தச் சொல்லப்படாமைக்கு உரியது என்று நினைக்கிறேன். சொல்லப்படாததைச் சொல்லக்கூடியவர்கள் இருவர்தான்: இன்று விற்பவர், அவரிடமிருந்து அறிந்துகொண்டுவிட்ட என் நண்பன்.

கி.மு. 44-ல் சிஸரோ தன் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' என்ற நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீடு வருகிறது. அதன் குறைகள் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியும்: சுகாதாரக் கேடானது, அறைகளில் பாம்புகள், மரமெல்லாம் உளுத்தது. அவன் சொல்லாமல் விற்றால் அது அநியாயமா? டயோஜெனிஸ், ஆண்டிபேட்டர் என்ற இரண்டு ஸ்டோயிக்குகள், குருவும் சிஷ்யருமானவர்கள், எதிரெதிராக வாதிடுகிறார்கள். வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் குரு. வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதைவிட இது மோசம், தெரிந்தே ஒருவனைத் தவறுக்குள் நடத்திச் செல்வது என்கிறார் சிஷ்யர். சிஸரோ சிஷ்யரோடு சேர்ந்துகொள்கிறார். அறிந்துகொள்வதால் யாருக்குப் பயனோ அவன் அறியாமல் இருப்பதை நம் லாபத்துக்காக விரும்பினால் அது மறைத்தல்தான் என்பது அவர் முடிவு. வாணிகன் பிறர் பொருளையும் தன்னுடையதாகவே பேண வேண்டும் என்று வள்ளுவர் நடுவுநிலைமையில் சொல்வதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது.

நண்பனுடைய நிலை டயோஜெனிஸினுடையதைவிடச் சாமர்த்தியமானது. அவன் மௌனமாக இருக்கப்போவதில்லை. அவனுக்காக அரசாங்கம் ஒரு சொல் பேசிவிடுகிறது. உண்மையைச் சொல்லவைக்க ஏற்பட்ட ஏற்பாடு, மேற்கொண்டு சொல்லாமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. நிறுவனங்கள் நமக்காக உண்மை பேசத் தொடங்கும்போதெல்லாம் இந்த அபாயம் இருக்கிறது. கடமை படிவத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் அந்த ஒரு சொல்லுக்கும் இடம் கிடையாது. எத்தனாவது சொந்தக்காரர், எந்தப் பாங்கில் கடன் என்பது இருக்கும். அடிபட்டதா என்பதற்குக் கட்டம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் என் ஸ்கூட்டர் ஒரு மதகுச் சுவரில் மோதியது. ஃபோர்க்கை நிமிர்த்தி, டிங்கரிங் செய்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்வைக்குப் புதிது. நாற்பதுக்கு மேல் போனால் மட்டும் ஹாண்டில் லேசாக இடப்பக்கம் இழுக்கும். அதை எங்கள் கிளைக்கு வரும் ஒருவருக்கு விற்றேன். தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பாங்கு சார் வண்டி, இதுல பார்க்க என்ன இருக்கு" என்றார். ஓட்டிப் பார்க்க நான் காட்டிய தெரு, யாரும் முப்பதுக்கு மேல் போக முடியாத தெரு. அந்தத் தெருவை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

அவருக்கு ஒன்றும் நேரவில்லை. மாதம் ஒரு முறை கவுன்ட்டருக்கு வருகிறார். "வண்டி நல்லா ஓடுது சார்" என்கிறார். அவருக்கு ஒன்றும் நேராததால் நான் செய்தது சரியாகிவிட்டதா என்று என்னைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் நேராதது அவருடைய அதிர்ஷ்டம். அதில் என் பங்கு எதுவும் இல்லை. நான் சொல்லியிருந்தால் அவர் ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துக் கேட்டிருப்பார், அல்லது மெதுவாக ஓட்டியிருப்பார். இந்த இரண்டையும் தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

நண்பனுக்கு வாங்கு என்றே எழுதினேன். அடிபட்டதை வாங்குவதில் இழிவு எதுவும் இல்லை. அடிபட்டவற்றையெல்லாம் ஒதுக்கினால் உலகில் மிஞ்சுவது, அடிபட்டது இன்னும் தெரியவராதவை மட்டும்தான். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் அடிச்சட்டத்தை அளக்கச் சொல். அவர் கூடாதென்றால் ஆசையை விட்டுவிடு, உன் பக்கத்தில் ஒருவர் உட்காரப்போகிறார். படங்களையும் ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வை. எல்லாவற்றையும் தானே முன்வந்து சொல்லி விற்றால் இரண்டு வருஷம் கழித்து என்ன கிடைக்குமோ, அந்தத் தொகையை மனசில் வைத்துக்கொண்டு இன்று விலை பேசு. அப்போதும் ஆசை நின்றால் அது நியாயமான ஆசை. அடுத்தவன் அறியாமையைக் கழித்தால் நிற்காத ஆசை என்றால், நீ வாங்கப்போவது காரையல்ல, அந்த அறியாமையை.

எழுதி அனுப்பிய பிறகு கவனித்தேன். அந்தக் கடிதத்தில் என் ஸ்கூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த உபதேசம் எந்த மதகுச் சுவரில் மோதி நிமிர்த்தப்பட்டது என்று அவனுக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவனுக்கு அனுப்பிவைக்க வேண்டும். தேங்காய் மண்டிக்காரர் பத்திரிகை படிக்கிறவர் அல்ல. அவருக்கு நேரில்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் வருவார்.