கையும் மதிப்பெண்ணும்

இடைநிலைப்பள்ளிக் கலைக்கல்வி வகுப்பில் மாணவர் பாத்தேக் வரைவதைக் காண்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். உருக்கிய மெழுகு, ‘சந்திங்’ என்னும் செப்புக் கருவியின் சிறு மூக்கினின்று துணியில் ஒழுகுகிறது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. கை நடுங்கி ஒரு துளி சிந்திவிட்டாலோ, அதனை அழிப்பான் கொண்டு அழிக்க இயலாது. மலராக்குவதா, இலையாக்குவதா என்று மாணவனே தேர்ந்தாக வேண்டும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் ஆடைத்தொழிலாக வளர்ந்த இம்முறையைப் பினாங்கின் சுவா தியென் தெங் 1950களில் ஓவியக்கலைக்கு உரியதாக்கினார்.

சிக்கல் எழுவது தேர்வு நெருங்கும்போது. செய்பணிக்கும் மதிப்பெண் உண்டாயின், கோணிய கோட்டைக் கண்ட ஆசிரியர், “இங்கே கொடு, தம்பி” என்று கருவியை வாங்கிக்கொள்கிறார். கோடு நேராகிறது. அந்தக் கோடு யாருடையது? கட்டுரை ஏட்டில் ஆசிரியரின் சிவப்பு மை தனித்துத் தெரியும். துணியிலோ இருவர் கையும் ஒன்றாகிவிடுகின்றன. (பேச்சுப் போட்டிக்கு உரை எழுதித் தரும் தமிழாசிரியர்களை எண்ணினால், கலையாசிரியரை மட்டும் குறைகூற மனம் வராது.)

பரிவினால் செய்தது என்பர். உண்மைதான். ஆயினும், ‘உன் கை போதாது’ என்று அப்பரிவு சொல்லாமற் சொல்லிவிடுகிறது. வேறொரு துண்டுத் துணியில் தாம் வரைந்து காட்டி, மாணவனின் துணியைத் தொடாதிருக்கும் ஆசிரியரும் உளர். அவர் வகுப்பில் மதிப்பெண் சற்றுக் குறையலாம். பெற்றோர் காரணம் கேட்கவும் கூடும். கொதிநீரில் மெழுகு நீங்கியபின், சிந்திய துளியினின்று அவன் வளர்த்த மலர், சற்றே கோணலாய், துணியில் வெண்மையாய்த் தெரியும்.