அவர்களுக்கும் ஓர் இலை



இன்று வாசிக்கக் கேட்ட நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. எஸ்றா வேதத்தை வாசித்தது தேவாலயத்துக்குள் அல்ல. தண்ணீர் வாசலுக்கு முன்னால், ஊர்ச்சனம் போய்வருகிற வெளியில், அதற்கென்றே செய்த ஒரு மரமேடையில் நின்று வாசித்தார். ஆண்கள், பெண்கள், கேட்டு விளங்கக்கூடிய பிள்ளைகள் எல்லாரும் விடியற்காலை தொடங்கி நண்பகல் வரை கேட்டார்கள், கேட்டு அழுதார்கள். அப்போது தலைவர்கள் என்ன சொன்னார்கள்? அழவேண்டாம், வீட்டுக்குப் போய் நல்லதாய்ச் சாப்பிடுங்கள், அடுப்பில் ஒன்றும் ஏற்ற வழியில்லாத வீடுகளுக்கும் மறக்காமல் அனுப்புங்கள் என்றார்கள். அன்றைய வேத வாசிப்பு சாப்பாட்டில்தான் போய் முடிந்தது.

இந்த அதிகாரத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கட்டடம் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ராக்கிங்ஹாம் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு மேட்டின்மேல் 1787இல் கட்டத் தொடங்கிய ‘மீட்டிங் ஹவுஸ்’ நிற்கிறது. வெள்ளை பூசிய பலகைச் சுவர்கள். கோபுரம் இல்லை. சன்னல்களில் நிறக்கண்ணாடியும் இல்லை. வெளியே நிற்கும் மரமும் பக்கத்துக் கல்லறைகளும் உள்ளே இருந்தபடியே தெரியும். உள்ளே உயரத்தில் ஒரு பிரசங்க மேடை. ஞாயிறு அன்று அங்கே ஆராதனை நடக்கும். ஊர்க்கூட்டம் கூடுவதும் அதே இடத்தில்தான். எந்தப் பாதையைத் திருத்துவது, எவ்வளவு வரி போடுவது என்று அந்த இருக்கைகளில் இருந்துதான் கை உயர்த்தித் தீர்மானித்தார்கள். வேதம் வாசித்த இடத்தில் பாதை பற்றிப் பேசுவதை அவர்கள் குறைவாக நினைக்கவில்லை. எஸ்றாவும் நினைத்திருக்க மாட்டார்.

இந்தச் சனங்கள் நமக்கு அந்நியர் அல்ல. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெர்மாண்டும் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் இப்படிப்பட்ட சபைகள் அனுப்பியவர்கள். தெல்லிப்பழையில் பணி தொடங்கி, பின்பு வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திய டானியல் பூவர் ஐயர், மசாச்சுசெட்சின் டேன்வர்ஸ் ஊரில் பிறந்தவர். நம்முடைய சபைக் கூட்டங்களில் கணக்கு வாசித்து, கேள்வி கேட்டு, கை உயர்த்தித் தீர்மானம் எடுக்கிற பழக்கம் இருக்கிறதே, அதற்கு அந்த வெள்ளைப் பலகை வீடுகளோடு உறவு உண்டு.

ஆனால் அந்த வீடுகளின் குறையையும் சொல்லவேண்டும். உள்ளே நம்முடையதைப்போல் நீள வாங்குகள் கிடையாது. குடும்பத்துக்கு ஒரு பலகைப் பெட்டி. சதுரமாக, இடுப்புக்கு மேல் உயரமாக, பிணைச்சல் வைத்த சிறு கதவோடு. பெட்டிக்குள் மூன்று பக்கமும் இருக்கைகள் இருந்ததால் சிலர் பிரசங்கிக்கு முதுகு காட்டித்தான் இருக்கவேண்டும். நியூ இங்கிலாந்தின் பல ஊர்களில் இந்தப் பெட்டிகளை விலைக்கு விற்றுத்தான் கட்டடச் செலவைச் சமாளித்தார்கள். காசுள்ளவனுக்கு நல்ல இடம். ஏழைகளும் கறுப்பின மக்களும் மேல்மாடத்துக்குப் போனார்கள். பொன்மோதிரம் போட்டவனை முன்னால் இருத்தி, கந்தை உடுத்தவனை ஓரமாய் நிற்கச் சொல்லுகிற சபையை யாக்கோபு தம் நிருபத்தில் எப்படிக் கண்டித்தார் என்று நமக்குத் தெரியும். அந்த நிருபத்தை அந்த மேடையில் நின்றுதான் வாசித்தார்கள், அந்தப் பெட்டிகளுக்குள் இருந்துதான் கேட்டார்கள். நம்முடைய கோயில்களில் கதவு வைத்த பெட்டிகள் இல்லை. ஆனாலும் யார் எந்த வாங்கில் இருப்பார், யார் வாசலோடு நின்றுவிடுவார் என்பது கோயிலுக்குள் வருமுன்னமே நமக்குத் தெரிந்திருக்கிறதல்லவா? அது பாவம். அதை வேறு பெயரால் அழைக்க எனக்கு மனமில்லை.

ராக்கிங்ஹாமில் 1839இல் வாராந்தர ஆராதனை நின்றுபோனது. 1869இல் ஊர்க்கூட்டமும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்த மலைநாட்டில் நிலம் கல்லு நிலம். பிள்ளைகள் ஆலை நகரங்களுக்கும் மேற்கே புதுக்காணிகளுக்கும் போய்விட்டார்கள். வயல்கள் காடாகின, வீடுகள் பூட்டிக் கிடந்தன. இதைக் கேட்கும்போது உங்களில் சிலருக்குச் சொந்த ஒழுங்கை கண்முன் வரக்கூடும். எனக்கும் வருகிறது.

இதேபோன்ற வெறுமையைப் பார்த்துத்தான் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஆளுநர் ஃபிராங்க் ராலின்ஸ் 1899இல் ஒரு காரியம் செய்தார். கோடையில் ஒரு வாரத்தைக் குறித்து, ஊரை விட்டுப் போன எல்லாரும் அந்த வாரம் சொந்த ஊருக்கு வந்துபோக வேண்டும் என்று அழைத்தார். வந்தவர்கள் பழைய நண்பர்களைக் கண்டார்கள், கல்லறைகளில் புல் பிடுங்கினார்கள். சிலர் நூலகத்துக்கும் பாதைக்கும் பணம் கொடுத்தார்கள். ‘ஓல்ட் ஹோம் டே’ என்ற பெயரில் பல ஊர்களில் அது இன்றும் ஆகஸ்டில் நடக்கிறது. ராக்கிங்ஹாமிலும் 1906இல் சனங்கள் சேர்ந்து அந்த வீட்டைப் பழுதுபார்த்தார்கள். அதன்பின் ஆகஸ்ட் முதல் ஞாயிறு அன்று அதை நோக்கிக் கூடுகிறார்கள். அதை யாத்திரை என்றே சொல்லுகிறார்கள். அடுப்பு இல்லாத கட்டடம், பனிக்காலத்தில் பயன்படாது. அதனால் கோடையில் கதவு திறந்திருக்கிறது: பாட்டு, திருமணம், ஊரார் கூட்டம்.

இப்படிப்பட்ட கோடைக் கூட்டங்களில் என் மனதை அதிகம் தொட்டது சாப்பாடுதான். மெய்ன் மாநிலத்து ஊர்களில் குழி வெட்டிப் பயறு சமைக்கிறார்கள். குழிக்குள் கல் பரப்பி, வைரமுள்ள விறகை எரித்துத் தணலாக்குவார்கள். இரும்புப் பானையில் பயறும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் கரும்புப் பாணியும் போட்டு, மூடி, தணலுக்குள் இறக்கி, மேலே மண் போட்டு விடுவார்கள். இராமுழுக்க அது மண்ணுக்குள்ளேயே வேகும். மறுநாள் ஊர் முழுக்கச் சுற்றி நிற்க, மண்ணை விலக்கிப் பானையைத் தூக்குவார்கள். ஒரு வீட்டுக்காக யாரும் இப்படிக் குழி வெட்டமாட்டார்கள். நாலு பேர் வெட்ட, நாலு பேர் விறகு கொண்டுவர, யாராவது இரவு காவல் இருக்க வேண்டும். அந்த இரவுக் காவலையும் நான் ஜெபம் என்றே எண்ணுகிறேன். ஆண்டவர் உயிர்த்த பின்பு திபேரியாக் கடற்கரையில் சீஷர்களுக்காகக் கரிநெருப்பு மூட்டி மீன் வைத்திருந்தாரே. பேதுருவைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர்களைச் சாப்பிடத்தான் கூப்பிட்டார்.

நாமோ கோயில் வேலை என்றால் ஆராதனையும் வேதபாடமும் என்று எண்ணுகிறோம். கழுவுவது, கூட்டுவது, பந்தி வைப்பது எல்லாம் அதற்குக் கீழான வேலை என்று ஒரு சிலரிடம் தள்ளிவிடுகிறோம். ஒரு சபை உயிரோடு இருக்கிறதா என்று அறிய நான் ஞாயிறு வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதைவிட, அதன் சமையற்கட்டில் யார் யார் ஒன்றாக நின்று வெங்காயம் வெட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன்.

ஆகஸ்டில் நம்முடைய பிள்ளைகளும் வருவார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வருவார்கள். கோயிலைப் படம் எடுப்பார்கள், காணிக்கை போடுவார்கள், போய்விடுவார்கள். அவர்கள் தருகிற பணத்தில் கூரை மாற்றலாம். அது நல்ல காரியம். ஆனால் இந்த முறை அவர்களிடம் பணத்துக்கு முன்னால் கையைக் கேட்போம். ஒரு நாள் முழுக்க நம்மோடு நின்று கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவாக்கட்டும். பிற்பகலில் பிள்ளைகள் பாடட்டும். முதியவர்கள் இந்தக் கோயிலின் கதையைச் சொல்லட்டும். மாலையில் மண்டபத்தில் ஒரே பந்தி. கோயில் பக்கமே வராதவர்களுக்கும், சைவ வீடுகளுக்கும், கடற்கரைக் குடிசைகளுக்கும், கணவனை இழந்து தனியே இருக்கிற பெண்களுக்கும் ஓர் இலை போடுவோம். எழுந்து வரமுடியாதவர்களுக்கு, நெகேமியாவின் சனங்கள் அனுப்பியதுபோல, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் மண்டபத்தில் இருப்பார்கள். எந்த நாள் வைப்பது, யார் அரிசி தருவது, யார் பாத்திரம் கழுவுவது என்று இன்றே பேசுவோம். தயவுசெய்து ஒருவரும் உடனே வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

ஆமென்.