கையேந்தாதவருக்குத் துணை யார்?



சொந்தக் கையால் உழைத்து, கடன் வாங்காமல், ஆடம்பரம் தேடாமல், வீட்டைச் சுற்றியுள்ள விளையில் கிடைப்பதை உண்டு வாழ வேண்டும் என்று முடிவு செய்யும் குடும்பங்கள் அன்புக்கொடி மக்களிடையே இன்றும் உண்டு. அரை ஏக்கர் விளையில் தென்னையும் வாழையும் மரச்சீனியும் முருங்கையும் நிற்கும். தொழுவத்தில் ஒரு பசு நிற்கும். பனையேறத் தெரிந்த வீடாக இருந்தால் ஆண்டுக்குத் தேவையான கருப்பட்டியும் வீட்டிலேயே ஆகிவிடும். இப்படி வாழத் தொடங்குகிறவர் முதலில் இழப்பது வசதியைத்தான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் வசதிக்கு முன்னால் போய்விடுவது சேர்க்கை.

அது எப்படிப் போகிறது என்பதை அந்த வீட்டார் அறிவார்கள். சண்டை எதுவும் நடப்பதில்லை. ஊரில் நட்பு என்பது பல கொடுக்கல் வாங்கல்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கைமாற்று, சீட்டு, கல்யாண வீட்டில் எழுதும் மொய், சாயங்காலம் நாலுபேர் கூடிக் குடிப்பது, ஒருவர் வாங்கிய வண்டியைப் பார்த்து இன்னொருவரும் வாங்குவது என்று எத்தனையோ இழைகள். இவற்றில் ஒவ்வொன்றிலிருந்தும் விலகுகிறவரை யாரும் வெறுப்பதில்லை; கூப்பிட மறந்துவிடுகிறார்கள். கடன் கேட்காதவரைப் பற்றி விசாரிக்க யாருக்கும் காரணம் இல்லை. வட்டிக்குக் கொடுக்காதவர் வீட்டுக்குப் போய்ப் பயனும் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் அந்த வீட்டு வாசலில் கழற்றிப்போடும் செருப்புகள் குறைந்துவிடும்.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இதில் வலி அதிகம். பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்காத பிள்ளை, அப்பா எடுத்த முடிவுக்குத் தானும் விலை கொடுக்கிறது. வீட்டுப் பெண்களுக்கும் அப்படியே. முன்பு ஊருக்கு ஒரு கிணறு இருந்தது. தண்ணீர் கோரப் போனால் பேச ஆள் இருந்தது. யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் அரிசி இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. தண்ணீருக்கு யாரும் யாரையும் நம்ப வேண்டாம். இதுவும் ஒரு வகைத் தன்னிறைவுதான். இதனால் ஊரில் அன்பு பெருகியதாக ஒருவரும் சொல்லக் கேட்கவில்லை.

தனியாகிப் போனவருக்கு எளிதாகத் திறக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பழைய கூட்டத்துக்கே திரும்பிப் போவது. குடியை விட்டவர் குடியின் மேல் உள்ள ஆசையால் திரும்புவதைவிட, குடிப்பவர்களின் சிரிப்புக்கு ஏங்கித் திரும்புவதே அதிகம். மற்றொன்று, தனிமையையே பெருமையாக்கிக்கொள்வது. "எனக்கு ஒருவரும் வேண்டாம், என் நிலம் எனக்குச் சோறு போடும், ஊரெல்லாம் கலியில் கிடக்கிறது" என்ற பேச்சு மெல்ல மெல்ல வரும். முதல் வழியில் விழுந்தவர் தாம் விழுந்ததை அறிவார். இரண்டாவது வழியில் விழுந்தவர் தாம் தவம் இருப்பதாக நினைத்துக்கொள்வார். ஆகவே இரண்டாவதே அதிக ஆபத்தானது. அகந்தையும் கலியின் சரக்குதான்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: அய்யா வைகுண்டரும் தனியாகத்தானே தவம் இருந்தார்? 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்தபின், பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டுகள் அவர் தவம் இருந்ததை அகிலத்திரட்டு அம்மானை சொல்கிறது. ஆறடிக் குழியில் இரண்டு ஆண்டு, சமதரையில் இரண்டு ஆண்டு, உயர்ந்த மேடையில் இரண்டு ஆண்டு. அந்தத் தவம் யாருக்காக என்பதை ஏடு வாசிப்புக்குச் செல்லும் அன்பர் எல்லாரும் கேட்டிருப்பார்கள். யுகத்துக்காக ஒன்று, சாதிக்காக ஒன்று, பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும் ஒன்று. தமக்கென்று ஒன்று இல்லை. குழிக்குள் இருந்தபோதும் அவரைத் தேடி வந்த கூட்டம் குறையவில்லை. அந்தக் கூட்டத்தைக் கண்டு அஞ்சித்தானே அரசாங்கம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தது?

சிறையிலிருந்து மீண்டபின் அய்யா மக்களுக்குக் கொடுத்தது துவையல் தவசு. தனிமையில் வாடும் அன்பர்கள் அகிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய பகுதி அது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலேயே இருந்து ஒழுக்கமாக வாழ்ந்தால் போதும் என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. 700 குடும்பங்களைக் கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் உள்ள வாகைப்பதிக்கு அனுப்பினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அங்கே தங்கினார்கள். நாளுக்கு மூன்று வேளை குளியல், மூன்று வேளை துணி துவைப்பு, ஒரு வேளை உணவு. அந்த உணவும் பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்தது. வந்தவர்களில் நிலம் உள்ளவரும் இருந்திருப்பார், நாள்கூலிக்காரரும் இருந்திருப்பார். இலையில் விழுந்தது ஒரே உணவு.

700 குடும்பங்களும் ஒத்த மனத்தோடுதான் வந்து சேர்ந்தார்கள் என்று யாராவது நினைத்தால் அவர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியைக்கூட நடத்திப் பார்த்ததில்லை என்று பொருள். பல ஊர்க்காரர்கள். பழைய வரப்புத் தகராறும் மரத் தகராறும் உள்ளவர்கள்கூட அதில் இருந்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் துவைத்த துணி உடம்பில் உறுத்தும். ஒரு வேளைச் சோற்றில் கோபம் சீக்கிரம் வரும். அப்படியிருந்தும் அந்தக் கூட்டம் ஒரு மனமானது. பக்கத்துக் கல்லில் துவைப்பவரிடம் தன் துணியின் அழுக்கை மறைக்க முடியாது. அவர் துணியின் அழுக்கைச் சொல்லிச் சிரிக்கவும் முடியாது, மறு கணம் தன் துணியைத் தூக்க வேண்டும். மூன்று வேளை, தினந்தோறும், மாதக்கணக்கில் இது நடந்தது. மனம் ஒத்தபின் கூடியவர்கள் அல்லர் அவர்கள். கூடி வேலை செய்தபின் மனம் ஒத்தவர்கள். அவர்களே பிறகு துவையல் பண்டாரங்கள் என்ற பெயரோடு ஊர் ஊராகப் பிரிந்துபோனார்கள். அவர்கள் போன இடங்களில் நிழல்தாங்கல்கள் எழுந்தன.

இன்று ஒத்த மனமுள்ளவரைத் தேடுகிற அன்பர் பெரும்பாலும் ஒத்த பேச்சுள்ளவரைத்தான் தேடுகிறார். தர்மத்தைப் பற்றியும் இயற்கை உணவைப் பற்றியும் அழகாகப் பேசுகிறவரைக் கண்டதும் மனம் பூரித்துவிடுகிறது. நாலு மாதத்தில் அந்த நட்பு கசந்துவிடுகிறது. ஒருவர் சாணி அள்ளுகிறார், மற்றவர் சாணியின் பெருமையைப் பேசுகிறார். பதியிலோ தாங்கலிலோ விடியற்காலையில் யார் துடைப்பத்தை எடுக்கிறார், உச்சிப்படிப்பு முடிந்தபின் யார் அண்டாவைக் கழுவ உட்காருகிறார் என்று பார்ப்பது இதைவிட நல்ல வழி. அப்படிப்பட்டவர் அதிகம் பேச மாட்டார். அவர் பெயர் தெரியவே ஆறு மாதம் ஆகலாம்.

இதற்கெல்லாம் மேல் ஒரு தடை இருக்கிறது. அது ஊரில் இல்லை, தன் உழைப்பில் வாழும் அன்பரின் உள்ளேயே இருக்கிறது. அவர் கொடுப்பார், வாங்க மாட்டார். முருங்கைக்காய் மிஞ்சினால் நாலு வீட்டுக்கு அனுப்புவார். யாராவது ஒரு கடவம் கிழங்கோடு வாசலில் வந்து நின்றால், "வேண்டாம், எங்களிடம் இருக்கிறது" என்பார். இது நல்ல குணம்போலத் தோன்றும். வந்தவருக்கோ அது கதவைச் சாத்துவதுபோல இருக்கும். கொடுக்க மட்டும் தெரிந்தவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறார். மேலே நிற்பவரிடம் மரியாதை வைக்கலாம், நட்பு வைப்பது கடினம்.

கையேந்தாதே என்பது அய்யாவின் வழியில் வந்தவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய மானம்; அதை யாரும் குறை சொல்ல முடியாது. தலைக்கு இறை, பனைக்கு இறை, ஏணிக்கும் தளைநாருக்கும்கூட இறை என்று கட்டிய மக்கள் அவர்கள். கூலியில்லாத ஊழியம் செய்தவர்கள். அப்படிப்பட்டவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்து, தலைப்பாகை கட்டி வழிபட வைத்தவர் அய்யா. அந்த மானம் யாருக்கு எதிரே? மேலிருந்து அதட்டிப் பறிப்பவருக்கும், மேலிருந்து வீசி எறிபவருக்கும் எதிரே. பக்கத்தில் நிற்பவருக்கு எதிரே அந்த மானத்தைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. சாமிதோப்பில் உம்பான் அன்னம் வாங்க நிற்கும் வரிசையில் கார் வைத்திருப்பவரும் கை நீட்டுகிறார், வெறுங்காலோடு நடந்து வந்தவரும் கை நீட்டுகிறார். முத்திரிக் கிணற்றில் பதமிடும்போது இறைத்த தண்ணீர் யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. தலைப்பாகை கட்டிய தலை, அன்னம் வாங்கக் குனியும்போது தாழ்ந்துவிடுவதில்லை. வாங்கப் பழகும் இடமாகவும் பதி இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

உண்மையில் தன்னிறைவு என்பது ஒரு வீட்டுக்குள் அடங்குவதும் இல்லை. பனை ஏறுகிறவரைப் பார்த்தாலே போதும். காலையில் அவர் மரத்தில் இருக்கும்போது அடுப்பில் தீ மூட்டிப் பதநீர் காய்ச்ச வீட்டில் ஒருவர் வேண்டும்; விறகும் சில்லாட்டையும் பொறுக்கப் பிள்ளைகள் வேண்டும். காய்ச்சல் வந்து அவர் படுத்துவிட்டால் மரம் காத்திருக்காது. பாளையை வேளைக்குச் சீவாவிட்டால் ஊறல் நின்றுவிடும். அன்றைக்கு ஏற இன்னொருவர் வேண்டும். கிணறு தூர்வார, கூரை மேய, பசு கன்று போடும் ராத்திரியில் விளக்குப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கலாம். ஆனால் கூலி கொடுக்கப் பணம் வேண்டும், பணத்துக்கு மறுபடி சந்தைக்கும் கடனுக்கும் போக வேண்டும். இன்று உன் விளையில், நாளை என் விளையில் என்று மாறி மாறி வேலை செய்யும் நாலு குடும்பங்கள் சேர்ந்தால்தான் அந்த வாழ்வு நிற்கும். அந்த நாலு குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும்போது பள்ளிக்கூடத்து மிட்டாய்ப் பெட்டி அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

பழைய நண்பர்களை என்ன செய்வது? விட்டுவிட வேண்டும் என்று சிலர் கடுமையாகச் சொல்வார்கள். அது அய்யாவின் வழிக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. கெட்டுப்போனவர்களை விலக்கி வைப்பதற்காக அவர் வரவில்லை. பனையிலிருந்தே இதற்கும் ஒரு பாடம் எடுக்கலாம். ஒரே மரம், ஒரே பாளை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். தடவ வேண்டியதும் ஒரு தடவை இல்லை, கட்டும்போதெல்லாம். தன் கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்பதை ஒருவர் பார்த்துக்கொண்டால், பழைய நண்பர் வீட்டுத் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் தாராளமாகப் போகலாம். குடிக்கும் இடத்தில் மட்டும் உட்கார வேண்டாம். அவர் குடிக்காத நேரத்தில் அவரோடு உட்காரலாம். எல்லாருக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு, விடியற்காலையாவது.

தாங்கல் பக்கத்தில் இல்லாத ஊரிலும், வேலைக்காகச் சென்னையிலோ மும்பையிலோ கிடக்கும் அன்பர்களுக்கும் இவ்வளவு எளிதாக ஆள் கிடைக்காது என்பது உண்மை. அங்கே ஒருவர் இருவரோடு நிறைவுகொள்ள வேண்டியதுதான். மாதத்தின் முதல் ஞாயிறன்று பதிக்கு வர முடிந்தவர்கள் வரலாம். வருகிறவர் வணங்கி நாமம் இட்டு அன்னம் வாங்கியவுடன் பேருந்துக்கு ஓடிவிடாமல், சற்று நின்று, பாத்திரம் கழுவுகிறவர் அருகே உட்கார்ந்து கழுவலாம். பேச்சு தானாக வரும். மழை எப்படி, பசு எத்தனை லிட்டர் கறக்கிறது, வாழையில் என்ன நோய் என்று போகும். அப்போது, தம் வீட்டில் போதுமான அளவு இருந்தாலும், "உங்கள் விளையில் அந்த நல்ல மரச்சீனி இருக்கிறதாமே, அடுத்த முறை வரும்போது எனக்கு நாலு கம்பு கொண்டுவர முடியுமா?" என்று அவர் கேட்டுப் பார்க்கட்டும்.