ஒரகடத்துக் கோடும் காஞ்சிக் கரையும்

பொழுது புலருமுன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறும் இளைஞர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆளுக்கொரு ஆலையில் இறங்கிக்கொள்வார்கள். அவர்கள் புறப்பட்டு வந்த வீடுகள் சிலவற்றில் தறியைப் பிரித்துச் சுவரோரம் சாத்தியாகிவிட்டது. எங்கோ விசைத்தறியில் ஓடிய சேலை காஞ்சிபுரத்தின் பெயரைச் சொல்லி முகூர்த்தப் பட்டாகக் கைமாறுகிறது என்ற புகார் இன்னொரு பக்கம் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. நெய்த கை வேறு வேலைக்குப் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் கடையில் விலைபோகிறது.

கைத்தறிச் சேலையும் விசைத்தறிச் சேலையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்பது வியாபாரம். அதையே கைத்தறி என்று விற்பது திருட்டு. வாங்குபவரின் பணத்தையும் நெய்தவரின் பெயரையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொள்ளும் திருட்டு. இதில் வழவழா கொழகொழா பேச்சுக்கு இடமில்லை.

திருடுபோவது எது என்று தெரிய, கோர்வைச் சேலை நெய்யும் தறியருகே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா. ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று வளைத்துப் பிடித்துத் திரும்ப வேண்டும்; இந்தப் பிணைப்புதான் கோர்வை. நெய்பவர் ஒருவர்; ஓரத்து நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர். முந்தி வேறு நிறமாக இருந்தால் பிட்னி போட வேண்டும். அதாவது, பாவின் ஒவ்வொரு இழையோடும் புது நிறத்து இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். சேலை இறங்கப் பத்துப் பதினைந்து நாளாகிவிடும். கை என்பதால் இழுப்பு ஒரு நாள் இறுகும், ஒரு நாள் தளரும். கோபுரக் கரையின் முனைகள் அச்சில் வார்த்தவைபோல் வரிசை பிடிக்காது. அந்தச் சிறு கோணல்தான் நெய்தவரின் கையெழுத்து.

இந்தக் கைக்கு நம் நூல்கள் கொடுத்த இடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். புகார் நகரத்தை வருணிக்கும் இளங்கோவடிகள், பட்டிலும் பருத்தியிலும் நுண்வேலை செய்யும் காருகர் என்னும் நெசவாளர்களின் இருப்பிடத்தை விட்டுவிடாமல் சொல்கிறார். பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுத்த உடை பாம்புச் சட்டைபோல் மெல்லியது. இழை போன வழி கண்ணுக்குப் பிடிபடாது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் போற்றும்போது, வாங்கும்போது கூடுதலாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் இருந்த அவர்களுடைய நேர்மையைச் சொல்லிப் போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்பது நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த அளவுகோல். கள்ளாமைக்குத் தனி அதிகாரமே வைத்தவர் அவர். அவரை ஒரு நெசவாளியாகவே மரபு நினைவு வைத்திருப்பதும் யோசிக்கத் தக்கது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைத் தடத்தின் ஓரத்திலேயே இருக்கும் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், அடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்த நேச நாயனாரைப் பெரியபுராணத்தில் பாடி வைத்தார். தறி அங்கே வழிபாட்டுக் கருவி. 1909இல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதிய காந்தி, மான்செஸ்டர் நம் கைத்தொழிலை விழுங்கியதைச் சொல்லி வருந்தினார். இத்தனை பேர் சொல்லியும் நமக்கு உறைக்கவில்லை என்றால் குறை நூல்களில் இல்லை.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது; பிறகு அது 11ஆகச் சுருங்கியது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. 2015இல் முதல் தேசியக் கைத்தறி நாளைச் சென்னையில்தான் கொண்டாடினார்கள். முத்திரையும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்பதற்குத்தான் ஆளில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. குழித்தறி முதுகை வாங்கிவிடும். ஓர நாடாவை வாங்கிக் கொடுத்த அந்த இன்னொருவர் முன்பெல்லாம் பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகாத குழந்தை. ஆலையில் மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. மகனைப் பஸ் ஏற்றிவிடும் தகப்பனைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் இவை நெசவாளிக்குக் கூலியைக் கூட்டச் சொல்லும் காரணங்கள். போலிச் சேலைக்கு இவற்றில் எதுவும் சாட்சி சொல்லாது.

வேகம் ஒன்றே ஆலையின் தர்மம் என்பவர்கள் ஒரகடத்தையே பார்க்கலாம். 1950களில் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் கம்பெனி, 2013இல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தது. அங்கே பெயின்ட் அடிக்க ரோபோ இருக்கிறது. டேங்கின் வளைவோடு ஓடும் மெல்லிய பொன்னிறக் கோட்டுக்கு மட்டும் தூரிகை பிடித்த கை வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் அந்தக் கோட்டை இழுத்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வேலை நொடியில் முடிந்திருக்கும். எல்லா வண்டியும் அச்சு அசல் ஒன்றாகவும் இருந்திருக்கும். கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. கையால் இழுத்த கோடு என்று சொல்லித்தான் வண்டியை விற்கிறது. விற்கட்டுமே! கையால் செய்ததைத்தானே கையால் செய்தது என்கிறது. பட்டுக்கடையில் கேட்பது இவ்வளவுதான்.

இன்னொன்றையும் இந்தத் தடம் காட்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றுபோனது. கோடிக்கணக்கில் ஒரே மாதிரியான போன்களைப் பூட்டிக் கொடுத்த விரல்களுக்கு, வெளியே எடுத்துப்போக ஒரு தொழிலும் மிஞ்சவில்லை. கோர்வை தெரிந்தவரிடமிருந்து தறியைப் பிடுங்கினாலும் கோர்வை அவரோடுதான் போகும். திறமை ஆளிடம் தங்குவதும் ஆளைத் தாண்டி இயந்திரத்தில் மட்டும் தங்குவதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டாமா?

தை பிறந்ததும் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், கடைக்காரர் விரித்த சேலையைத் திருப்பிப் போடச் சொல்லலாம். கரை உடலோடு சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் கோர்வையின் சிறு மேடு தட்டுப்படும். கோர்வை இல்லாத சேலையில், உடல் பச்சை, கரை அரக்கு என்றால், உடலின் பச்சை ஊடையே கரைக்குள்ளும் ஓடியிருக்கும். கரையின் நிறம் கலங்கித் தெரியும். “இதை நெய்தது யாருங்க?” என்றும் கேட்கலாம். தெரிந்த கடைக்காரர் ஆளின் பெயரைச் சொல்வார், தெருவையும் சொல்வார். மற்றவர் அடுத்த சேலையை விரிப்பார்.